மிச்சம் வைத்துச் சிரைத்தவர்கள்

என் அப்பாவின் வலது கையில், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு மிளகு நுழையும் அளவு. மழைக்காலத்தில் அது கண் திறக்கும், நீர் கசியும், சில நாள் சீழ் வைக்கும். அப்பாயி அவரை விளக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முள்வாங்கியால் அதற்குள்ளிருந்து முடி எடுப்பாள். ஒன்று, இரண்டு, சில நாள் ஐந்தாறு. அதில் ஒன்றுகூட அப்பாவின் முடி இல்லை. ஊர்க்காரர்களின் கறுப்பு முடி இருக்கும், நரைமுடி இருக்கும். பங்குனி கழிந்துவிட்டால் குழந்தைகளின் பூமுடி இருக்கும். நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்கு மொட்டை போட வந்த தலைகளின் முடி அது. எங்கள் வீட்டில் அந்த ஓட்டைக்கு முடிப்புத்து என்று பெயர்.

"வெட்டுப்பட்டா அது முடியில்லடி, முள்ளு" என்பாள் அப்பாயி. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அந்தச் சொல்லின் கனம் புரிய இருபது வருடம் ஆனது.

நான் பரியாரி வீட்டில் பிறந்தவள். அப்பா சவரக்கத்தி பிடித்தவர், அப்பாயி மருத்துவச்சி. நான் ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு படித்து, பிரசவ வார்டுகளில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டாக்டரம்மாவிடம் அப்பாவின் கையைக் காட்டியபோது, அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போன அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிட்டத்து இடுக்கில் முடியடைத்த கட்டி வந்தது. 78,000க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஜீப் நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அது பிறவியிலேயே உள்ள குறை என்றுதான் அன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் நம்பினார்கள். 1948இல் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள், ஒரு நாவிதரின் கையில் இருந்த இதே போன்ற புத்தைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். விரலிடுக்கில் முடி முளைப்பதில்லை. அப்படியிருந்தும் உள்ளே முடி இருக்கிறது என்றால், அது வெளியிலிருந்துதான் தோலைக் குத்திக்கொண்டு போயிருக்க வேண்டும். பிறவிக்குறை என்ற பேச்சு தளரத் தொடங்கியதில் அந்த நாவிதரின் கைக்கும் பங்கு உண்டு.

டாக்டரம்மா சொல்லி முடித்ததும் நான் அழுதுவிட்டேன். அப்பாயி இதைச் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் சொல்லியிருந்தாள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்த முள்தான் காரணம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மறைவிடத்திலும் முடி எடுத்த பிறகு, வெட்டுப்பட்ட முனை வெளியே வராமல் தோலுக்குள்ளேயே திரும்பிச் சுருண்டுகொள்ளும். அந்த இடம் சிவந்து, அரித்து, கட்டியாகி, ஆறினாலும் கறுத்த தழும்பை விட்டுப் போகும். இளம்பெண்கள் இதை என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள், தங்களுக்கு மட்டும் வந்த கேவலம் என்று நினைத்துக்கொண்டு. இது மிகப் பழைய தொல்லை. இதை வராமல் தடுக்கும் வித்தை எங்கள் ஆட்களின் கையில் இருந்தது. "சிரைக்கத்தான் லாயக்கு" என்று ஊர் வைதுகொண்டிருந்த கைகள் அவை.

*

எங்கள் நார்த்தாமலை ஒரு மலை இல்லை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலைக்கு மேற்கே, மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை என்று ஒன்பது குன்றுகள் வெறும் பாறையாக உருண்டு கிடக்கும். வெளியூர்க்காரர்கள் மேலமலைக்கு விஜயாலய சோழீசுவரத்தைப் பார்க்க வருவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில் அது. அதற்கு எதிரே பாறையைக் குடைந்த ஒரு மண்டபம் இருக்கிறது. உள்ளே பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்கும். ஊரில் அதன் பெயரோ சமணர் குடகு. திருமால் கோயிலாக மாறி எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சமணரின் பெயர் அங்கிருந்து போகவில்லை. ஆளுருட்டிமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. பக்கத்துச் சித்தன்னவாசல் ஏழடிப்பாட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் வழவழவென்று கிடக்கின்றன.

சின்ன வயதில் அப்பாவோடு ஆளுருட்டிமலைக்கு ஏறினேன். அங்கே தங்கியிருந்தவர்கள் முடியைச் சிரைக்கவே மாட்டார்கள், கையால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அப்பா சொன்னார். "நம்ம ஆளுக தேவைப்படாத ஒரே கூட்டம் இதுதான் தாயி." அவர் சொன்னது சரிதான். திகம்பர முனிவர்கள் இன்றைக்கும் தலைமுடியையும் தாடி மீசையையும் கையால்தான் பறிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் நான்கு மாதம். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். கத்தி என்ற பொருளையே வைத்துக்கொள்ளக் கூடாது, உடம்பின் வலிக்கு மனம் அசையக் கூடாது என்பது அவர்கள் நெறி. தேவாரக் காலத்தில் பறிதலையர் என்று அவர்களை ஏசினார்கள். அந்த ஏச்சைவிட அந்தச் சாம்பல்தான் எனக்கு முக்கியம். அதே சாம்பலை எங்கள் ஊர்ப் பெண்கள் அக்குள் முடி பிடுங்கத் தொட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த மலைகளில் உள்ள கல்வெட்டுகள் அரசர்களையும், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தையும் பேசுகின்றன. நாவிதரைப் பார்க்க நான் திருமுக்கூடலுக்குப் போகவேண்டியிருந்தது. காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அங்குள்ள பெருமாள் கோயிலில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை நடந்தது. ஆஸ்பத்திரிக்கு அன்றைய தமிழ் அது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று நெல் அளந்து கொடுத்த பட்டியல் அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே நாவிதரும் இருக்கிறார். கட்டி கீறுவது, புண் வாயில் முடி மழிப்பது, எலும்பு கட்டுவது என்று எங்கள் ஆட்கள் பார்த்த வேலை அப்படிப்பட்டது. எங்கள் சாதிக்கு மருத்துவர் என்ற பெயரை நாங்கள் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பெயரை எங்களிடமிருந்து எடுத்தது சட்டம். சென்னை மாகாணத்தில் 1914இல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. 1926இல் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்தது. படித்துப் பட்டியலில் பெயர் ஏறியவர்தான் மருத்துவர், மருத்துவச்சி என்றானது. 1948 வரை நாங்கள் தொண்டைமான் சமஸ்தானத்துக் குடிகள், சென்னைச் சட்டம் எங்கள் வாசலில் வந்து நிற்கவில்லை. ஆனால் காற்று எல்லையைப் பார்த்தா வீசுகிறது? கத்தியில் பாதி எங்களிடமிருந்து போனது. சிரைக்கிற பாதி மிஞ்சியது.

*

அந்த மிச்சத்தில் ஒன்று சர்வாங்க சவரம். தலை முதல் கால் வரை, அக்குள், மார்பு, மறைவிடம் என உடம்பு முழுவதும் சிரைப்பது. பண்ணை வீட்டுப் பெரியவர்களும், கல்யாண மாப்பிள்ளைகளும், தீட்டுக் கழிக்கிறவர்களும் செய்துகொள்வார்கள். மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் ஒரு மணை போட்டு வேலை நடக்கும். வேலை முடிந்ததும் அந்த வீட்டுத் திண்ணையில் அப்பா உட்கார முடியாது. கூலி நெல்லாக, களத்தில், அறுப்பு முடிந்த பிறகு வரும். ஆனால் ஓர் ஆணின் உடம்பில் அவன் யாருக்கும் காட்டாத இடத்தை, கூர்த்த இரும்போடு நெருங்க அனுமதிக்கப்பட்ட ஒரே மனிதர் அவர். அந்த நம்பிக்கையை அவர் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்பா அந்த வேலையைச் செய்த விதத்தை என் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் காதால் கேட்டுக் கற்றேன். பெண்பிள்ளைக்கு யார் நேராகச் சொல்லித் தருவார்கள்?

முதலில் குளத்தில் முழுகி வரச் சொல்வார். அவசரக்காரர்களுக்கு வெந்நீர்த் துணி போட்டு வைப்பார். நனைந்த முடி மெத்தென்று ஆகிவிடும், கத்தி இழுக்காது, வெட்டின முனையும் மழுங்கலாக இருக்கும். காய்ந்த முடியைச் சிரைத்தால் முனை ஈட்டியாக நிற்கும். நீண்ட முடியில் நேரே கத்தி வைக்கவே மாட்டார். கத்தரியால் குறைத்துக்கொண்ட பிறகுதான் அடைப்பத்திலிருந்து கத்தி வெளியே வரும். தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டி, தன் முன்கை முடியில் சோதித்துப் பார்ப்பார். மொண்ணைக் கத்தி ஒரே இடத்தில் நாலு தரம் போகும், அந்த நாலு தரமும் தோலைச் சுரண்டும்.

அடுத்தது போக்கு. தாடையில் முடி கீழே போகும், கழுத்தில் சிலருக்கு மேலே ஏறும். அக்குளில் பாதி மேலும் பாதி கீழுமாகப் பிரியும். தொடையிடுக்கில் சுழியும். விரல் நுனியால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே கத்தியை விடுவார். எதிர்க்கத்தி முகத்துக்கு மட்டும், அதுவும் கேட்டவர்களுக்கு மட்டும். கீழே எதிர்க்கத்தி கிடையாது. "தோலை நீவு, இழுக்காத" என்று அண்ணன் கையைத் தட்டிவிடுவார். தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்துச் சிரைத்தால் முடி தோலின் மட்டத்துக்கும் கீழே அறுபடும். கையை விட்டதும் தோல் மேலே மூடிக்கொள்ளும், முனை உள்ளே மாட்டிக்கொள்ளும். வளரும்போது வெளிவழி தெரியாமல் பக்கத்துச் சதையைக் குத்தும். வெளியே வந்த பிறகும் சுருள்முடி வளைந்து பக்கத்தில் குத்தி உள்ளே இறங்கும். இரண்டு வழியும் அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒட்டச் சிரைக்க மறுத்தார்.

"அரிசி முனை அளவு விட்டுவை. அந்த மிச்சத்துலதான் நம்ம பேரு இருக்கு."

வழவழப்பாகக் கேட்ட பண்ணையாரிடமும் இதையே கைகட்டிக்கொண்டு சொல்வார். சொல்லிவிட்டு மிச்சம் வைத்தே சிரைப்பார். கைகட்டி நிற்கிற மனிதர் தன் தொழிலில் யாருக்கும் வளையாமல் நின்ற இடம் அது ஒன்றுதான்.

முடிந்ததும் பச்சைத் தண்ணீர், பிறகு படிகாரக்கல். அன்றைக்குக் கோவணத்தை இறுக்கக் கூடாது, தளர்ந்த வேட்டி போதும். எண்ணெய் பூசி அடைக்கக் கூடாது. மூன்றாம் நாள் பாசிப்பயற்று மாவைக் குழைத்து, ஊறவைத்த பீர்க்கங்கூட்டால் மெதுவாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். செத்த தோல் உரிந்து, முளைக்கும் முடிக்கு வாசல் திறக்கும். மாப்பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சர்வாங்கம் செய்ய மாட்டார், நாலைந்து நாள் முன்பே முடித்துவிடுவார். மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும்படி ஒருவனை விடலாமா என்பார்.

அன்னவாசல் பக்கத்து ராவுத்தர் வீட்டு ஆண்களும் அப்பாவிடம் கத்தி தீட்ட வருவார்கள். அக்குள், மறைவிட முடியை நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ள நியமம். வீட்டிலேயே செய்துகொள்வார்கள். நாற்பது நாள் என்பது நல்ல கணக்கு என்று அப்பா மெச்சுவார். மூன்று நாளைக்கு ஒருமுறை கத்தி போட்டால் தோலுக்கு ஆற நேரமில்லை.

*

பெண்களுக்குப் பரியாரி கிடையாது. அவர்களுக்கு அப்பாயிதான்.

சாம்பல் தொட்டுப் பிடுங்குவதை அவள் தடுக்க மாட்டாள், ஆனால் அக்குளோடு நிறுத்தச் சொல்வாள். பிடுங்கும்போது பாதியில் அறுந்த முடிதான் உள்ளே திரும்பும், ஒவ்வொன்றாக, வேரோடு, முடி சாய்ந்திருக்கும் பக்கமாக இழு என்பாள். அரிதாரமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசும் வழக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மிகப் பழைய முறை அது. சுசுருத சம்ஹிதையிலேயே சங்குச் சுண்ணாம்பும் அரிதாரமும் சேர்த்து முடி நீக்கும் முறை இருக்கிறது. அரிதாரம் என்பது நஞ்சு, பாஷாணத்தின் இனம். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும். "மசுரும் போகும், தோலும் போகும்" என்று அப்பாயி அதை வீட்டுக்குள் விட்டதில்லை. குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்வாள். அது முடியைத் தடுக்கும் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சிவந்த இடம் குளிரும் என்றுதான் சொல்வாள். பின்னால் வந்தவர்கள்தான் அதை முடி நீக்கும் மருந்தாக விற்றார்கள்.

உள்ளே திரும்பிய முடியை எடுக்கும்போது அவள் கையைப் பார்க்க வேண்டும். வெந்நீர்த் துணியைப் பத்து நிமிடம் ஒற்றிவைப்பாள். தோலுக்கு மேலே வளையம் தெரிந்தால் முள்வாங்கியின் நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு நிமிர்த்திவிடுவாள். பிடுங்க மாட்டாள். பிடுங்கினால் அடுத்த முடியும் அதே பள்ளத்தில் தடுமாறும் என்பாள். வளையம் தெரியாவிட்டால் தோண்டவே மாட்டாள், நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவாள்.

பிள்ளைப்பேற்றுக்குப் போனபோதும் அவள் ஒரு பெண்ணைக்கூடச் சிரைத்ததில்லை. கையில் கத்தி உள்ள வீட்டுக்காரி, ஆனால் சிரைக்கவில்லை. "புள்ள தலையோட வருது தாயி, அதுக்கு அந்த மசுரு என்னா மறிக்குது?"

*

நான் 1970களின் நடுவில் பயிற்சிக்குப் போனேன். முதல் வாரமே பிரசவ வார்டில் என் கையில் ஒரு ரேசரைக் கொடுத்தார்கள். பார்ட்ஸ் பிரிப்பரேஷன் என்று அதற்குப் பெயர். வலியோடு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எனிமா கொடுக்க வேண்டும், பிறகு முழுக்கச் சிரைக்க வேண்டும். வெந்நீர் இருக்காது. ஒரு பஞ்சில் டெட்டால் தண்ணீர். விளக்கு மங்கல். வலி வரும்போது அவள் உடம்பு துடிக்கும், நாம் கையை எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். ஒரே பிளேடு மழுங்கும்வரை அடுத்தடுத்தவர்களுக்குப் போகும். எதிர்ப்பக்கமாக, இழுத்துப்பிடித்து, ஒட்டச் சிரைத்தால்தான் சுத்தம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். என் அப்பா செய்யாதே என்று சொன்னது அத்தனையும் அங்கே விதி.

பரியாரி மகள் என்று தெரிந்ததும் அந்த வேலை முழுவதும் எனக்கே வந்து சேர்ந்தது. அதற்குக்கூட நான் வருந்தவில்லை. என் கை மற்றவர்களைவிட மெதுவாகப் போகும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து கத்தரி கொண்டுபோய் முதலில் குறைத்துக்கொள்வேன். வெந்நீர் கேட்டு அடுப்படிக்கு ஓடுவேன். போக்கில்தான் சிரைப்பேன். ஒட்டவில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் அந்தப் பெண்கள் தையலைக் காட்ட வருவார்கள். தையல் ஆறியிருக்கும். சிரைத்த இடத்தில் கொப்புளமும் கட்டியும் நிற்கும். தொடையை ஒட்டி நடக்க முடியாமல், குழந்தைக்குச் சப்பணமிட்டுப் பால் கொடுக்க முடியாமல், அதைச் சொல்லவும் வெட்கப்பட்டு நிற்பார்கள். இளையாத்தங்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பெத்த வலி அன்னைக்கே போச்சுக்கா, செரைச்ச வலிதான் போகல." அப்பாயி உயிரோடு இருந்தாள். அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "சோறு போடுற எடம், செய்யி. ஆனா மிச்சம் வையி" என்றாள்.

நான் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே இதற்கு விடை கிடைத்துவிட்டது என்பதைப் பிறகு அறிந்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் தீரவில்லை. 1922இல் அமெரிக்காவில் ஜான்ஸ்டன், சிடல் என்ற இரண்டு மருத்துவர்கள் 389 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சிரைத்தும் மற்றதைச் சிரைக்காமலும் பிரசவம் பார்த்தார்கள். சிரைத்ததால் காய்ச்சல் குறையவில்லை. 1965இல் இன்னொரு ஆய்வு, அதே விடை. அறுவைச் சிகிச்சைப் பக்கமும் 1971இல் செரோப்பியன், ரெனால்ட்ஸ் இருவரும் கணக்குப் பார்த்தார்கள்: ரேசரால் சிரைத்தவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குப் புண்ணில் கிருமி ஏறியது, சிரைக்காதவர்களிலும் களிம்பால் முடி நீக்கியவர்களிலும் 0.6 பேருக்குத்தான். ரேசர் கண்ணுக்குத் தெரியாமல் கீறிய ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு வீடு. 1996இல் உலக சுகாதார நிறுவனம் இயல்பான பிரசவத்துக்கான கையேட்டில், எல்லாரையும் சிரைப்பதைக் கைவிட வேண்டிய வழக்கங்களின் வரிசையில் வைத்தது. 2016இல் அறுவைக்கும் அதையே சொன்னது: முடியை விட்டுவிடு, எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பரால் குறை, சிரைக்காதே. கிளிப்பர் மிச்சம் வைக்கும். அரிசி முனை அளவு.

எங்கள் வார்டில் அந்த வழக்கம் ஒரே நாளில் நிற்கவில்லை. ஒரு டாக்டர் மாறுவார், நிற்கும். இன்னொருவர் வருவார், மறுபடி தொடங்கும். நான் ஓய்வுபெற்றபோது வார்டு அலமாரியில் ரேசர் இல்லை. அது எனக்குப் போதும்.

*

அப்பாவின் பக்கத்தில் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒரே கத்தியை ஊர் முழுவதற்கும் வைத்தார். கொதிநீரில் முக்குவார், சில நாள் அதுவும் இருக்காது. ரத்தத்தின் வழியாகப் போகும் மஞ்சள்காமாலை இப்படிப் பரவும் என்று அவருக்குத் தெரியாது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அடுத்த சில வருடங்களில் கிராமம் வரை பேச்சு வந்துவிட்டது. ஆளுக்கொரு புது பிளேடு என்று வாடிக்கைக்காரர்களே கேட்டார்கள். அப்பா தன் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்தார். பாதி பிளேடு செருகும் கத்தியை வாங்கினார். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் தன் கையை முதலிலிருந்து பழக்கிக்கொண்டார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்குள் வேறொரு கத்தி வீடுகளுக்குள் வந்திருந்தது. 1971இல் ஜில்லெட் நிறுவனம் ஒரே ரேசரில் இரண்டு பிளேடுகளை வைத்தது. முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது அறுக்கும். அறுபட்ட முனை தோலுக்குக் கீழே போய்விடும். பிறகு மூன்று பிளேடு, ஐந்து பிளேடு. அப்பா பண்ணையாருக்கே செய்ய மறுத்த வேலையை அந்த ரேசர் பெருமையாகச் செய்தது. நேர்முடிக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை இல்லை. சுருள்முடிக்காரர்களுக்குத்தான் வினை. அமெரிக்காவில் தினமும் தாடி மழிக்கக் கட்டளையிடப்பட்ட கறுப்பினச் சிப்பாய்கள் இதனால் பட்ட பாடு தனி வரலாறு. 1956இல் ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற தோல் மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை ஆராய்ந்து, உள்ளே குத்துவது முடியேதான் என்று காட்டினார்கள். சிரைப்பதை நிறுத்தினால் முடி வளர்ந்து, தானே வெளியே நிமிர்ந்துவிடும். நம் எல்லாருக்கும் கீழே வளர்வது சுருள்முடிதான்.

போன மாதம் என் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். "அப்பாயி, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியே" என்று ஆரம்பித்தாள். கீழே கட்டி, ஊசியால் தோண்டிவிட்டாளாம். நான் திட்டவில்லை. ஊசியைத் தூரப் போடு, ஒரு மாதம் அங்கே எதுவும் செய்யாதே, வெந்நீர்த் துணி ஒற்று, ஜீன்ஸை விட்டுப் பருத்திப் பாவாடை கட்டு என்றேன். கட்டி பரந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ, வெட்கத்தில் உட்கார்ந்திருக்காதே என்றேன். பிறகு அப்பா அண்ணனுக்குச் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். ஊறவை, கத்தரியால் குறை, ஒற்றை பிளேடு, போக்கைப் பார், இழுக்காதே, ஒரே இடத்தில் இரண்டாம் தரம் போகாதே. ஆறின பிறகு பீர்க்கங்கூடு. மெழுகு போட்டாலும் அறுந்த முடி உள்ளே திரும்பும், முடி வளைந்து கிடந்தால் அவசரப்பட்டு மறுபடி இழுக்காதே. திரும்பத் திரும்ப வந்தால், நம் கறுத்த தோலுக்கு ஏற்ற லேசர் வைத்திருக்கும் தோல் மருத்துவரைப் பார்.

"எடுக்காமலே விட்டா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் ஒண்ணும் ஆகாது, கத்தரிச்சா போதும். அழுக்குன்னு எவ சொன்னா? சோப்புப் போட்டுக் குளிச்சா சுத்தம்."

"இதெல்லாம் உனக்கு நர்ஸ் படிப்புல சொல்லிக்கொடுத்தாங்களா?"

"உன் பூட்டன் சொன்னாருடி."

*

அப்பா 1997இல், சித்திரையில் காலமானார். பங்குனித் திருவிழாவில் கடைசியாக மொட்டை போட்டுவிட்டு வந்து படுத்தவர். எங்கள் வழக்கப்படி உறவில் ஒருவர் அவருக்கு முகம் வழித்தார். அப்பாவிடமே தொழில் படித்த பையன். வெந்நீர்த் துணி போட்டு, தாடையைத் தடவிப் பார்த்து, போக்கில் மட்டும் வழித்தான். எதிர்க்கத்தி வைக்கவில்லை. நான் கையைக் கழுவிவிட்டேன். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் துடைத்தபோது புத்துக்குள் ஏதோ தெரிந்தது. அப்பாயியின் முள்வாங்கியை எடுத்து வரச்சொன்னேன். அரை அங்குலம்கூட இல்லாத, செம்பட்டை நிறமான, பட்டுப்போன்ற முடி ஒன்று வந்தது. பங்குனியில் அம்மன் சன்னிதி முன்னால் அவர் மடியில் வீறிட்டு அழுத ஏதோ ஒரு குழந்தையுடையது.